ஓசையிலி கதவை உதைத்தாள்

விளையாட்டின் ஆறாம் பாகத்தில், முதல் காட்சியிலேயே ஓசையிலி கதவை உதைத்துத் திறந்தாள்.

மிருதுளாவுக்குத் தன் வயிற்றிலேயே உதை விழுந்த மாதிரி இருந்தது. ஐந்து பாகங்களாக அந்த ஒற்றுக்காரி ஒரு கதவையாவது உதைத்ததுண்டா? கீலுக்கு எண்ணெய் விடுவாள். காவலாளி இருமும்வரை காத்திருந்து, அந்த இருமலோடு இருமலாகத் தாழ்ப்பாளை நகர்த்துவாள். கோட்டைக்குள் போய், வேண்டியதை எடுத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் வந்துவிடுவாள். அதற்காகத்தானே அவளுக்கு அந்தப் பெயர்? இப்போது பார்த்தால் இரண்டு கையிலும் துப்பாக்கி. கதவு பறந்து போய் எதிர்ச்சுவரில் விழுகிறது. பின்னணியில் தவில் வேறு.

தலையில் மாட்டியிருந்த காட்சிக்கவசத்தைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள் மிருதுளா. அழுகை வந்தது. நாற்பது வயதில் ஒரு விளையாட்டுக்காக அழுகிறோமே என்ற வெட்கமும் வந்தது. வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு நன்றாக அழுதாள்.

இதைக் கேலி செய்கிறவர்கள் அவள் நாற்காலியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கோயம்புத்தூர் அவசர அழைப்பு மையத்தில் வேலை. தீ, விபத்து, நெஞ்சுவலி, நாள் முழுக்கக் காதுக்குள் அலறல். எதிர்முனையில் யார் எப்படிக் கத்தினாலும் இவள் குரல் ஏறக் கூடாது. ‘பதறாதீங்க, வண்டி வந்துட்டே இருக்குது, எந்த இடம்னு சொல்லுங்க.’ வீட்டுக்கு வந்தாலும் அந்த அலறல் கூடவே வரும். தூக்க மாத்திரை இல்லாமல் படுத்த நாளே கிடையாது, ஓசையிலி வரும்வரை.

அந்த விளையாட்டில் காவலாளிகளுக்கு நிஜமாகவே காது உண்டு. விளையாடுகிறவரின் மணிக்கட்டில் இருக்கும் பட்டை வழியாக அவருடைய மூச்சும் நாடியும் அவர்களுக்குக் கேட்கும். படபடத்தால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். மிருதுளா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று மூச்சைச் சீராக்கக் கற்றுக்கொண்டாள். காவலாளி ஒரு முழத் தூரத்தில் நின்றாலும் அவள் நாடி கிணற்றுத் தண்ணீராக அசையாமல் கிடக்கும். மாத்திரைகள் குப்பைக்குப் போயின. உலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே அமைதியான இடம் அந்தக் கோட்டைதான்.

பழைய ரசிகர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு கோட்டையை யார் கண்ணிலும் படாமல் முடித்ததும் ஆட்டத்தைச் சேமித்துவிடுவார்கள். சேமித்த பிறகு கொஞ்ச நேரம் ‘சொடக்கு’. அதாவது, மறைவிலிருந்து வெளியே குதித்து, கண்ணில் பட்ட காவலாளியை எல்லாம் வெளுத்து வாங்கி, பானை சட்டிகளை உடைத்து, தொண்டை கிழியக் கத்திவிட்டு, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி சேமித்த இடத்துக்குத் திரும்பிவிடுவது. வெகுநேரம் மடக்கி வைத்த விரலுக்குச் சொடக்கு எடுப்பதில்லையா, அப்படி. சேமிக்காத ஆட்டம் கணக்கில் வராது என்பது அவர்கள் கட்சி. சங்கத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எடுக்காதவரும் இல்லை.

இந்தக் காலத்தில் விளையாட்டை யாரும் எழுதுவதில்லை, விழைமானி என்ற இயந்திரம்தான் வளர்க்கிறது. ஊரில் எல்லார் கையிலும் இருக்கும் பட்டைகளிலிருந்து நாடி, வியர்வை, மூச்சு மூன்றையும் அது ஓயாமல் உறிஞ்சிக்கொள்ளும். எதைக் கண்டு உங்கள் உடம்பு துள்ளுகிறதோ அது அடுத்த முறை கூடும். எதில் நாடி படுத்துக்கொள்கிறதோ அது குறையும். யாரிடமும் கருத்துக் கேட்கிற வேலையே இல்லை. தொடர்கள், பாட்டுகள், ஓட்டல் குருமா எல்லாமே அப்படித்தான் வந்துகொண்டிருந்தன. மிருதுளாவின் அலுவலக உணவகத்தில் ஒருவர் உப்புக் கரித்த குருமாவைப் பார்த்துக் கொதித்துப் போய்க் கத்தினார். மறுநாள் குருமாவில் இன்னும் ஒரு கை உப்பு. அவருடைய கொதிப்பை விழைமானி கொண்டாட்டம் என்று எடுத்துக்கொண்டதாம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் உப்புக்குப் பழகிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பீளமேட்டில் ஓர் இறகுப்பந்து அரங்கின் மாடியில் ஓசையிலி ரசிகர் சங்கம் கூடியது. ஒரு நாற்காலியும் கிரீச்சிடவில்லை. இத்தனை பேர் படியேறி வந்ததே கீழே விளையாடியவர்களுக்குத் தெரியாது. சண்டையைக்கூடத் தணிந்த குரலில்தான் போட்டார்கள்.

“ஏனுங், சுட்டுத் தள்றதுக்கு ஊர்ல வேற விளையாட்டே இல்லீங்களா? இவதான் வந்து சுடோணுமா?” என்றார் சென்னியப்பன். ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர், சங்கத்திலேயே மூத்தவர். தான் மட்டும் வாழ்நாளில் ஒரு சொடக்குக்கூட எடுத்ததில்லை என்று சொல்லிக்கொள்கிறவர்.

“நம்மள ஏமாத்திட்டாங்க சார்,” என்றாள் சங்கத் தலைவி மிருதுளா. “நாம ஆரம்பத்துலருந்து கூட நின்னோம். இப்ப கூட்டம் வேணும்னு, நேத்து வந்தவங்களுக்காக நம்மளத் தூக்கிப் போட்டுட்டாங்க.”

கடைசி வரிசையிலிருந்து அசார் எழுந்தான். மின்தூக்கி பழுது பார்க்கிறவன். ஐந்தாம் பாகத்தில்தான் விளையாட வந்தான், ஆனால் இரண்டு பேர் சேர்ந்து ஆடும் இரட்டைக் கோட்டைகளில் மிருதுளாவுக்கு அவன்தான் இணை. அவன் ஒரு பக்கம் கல்லெறிந்து காவலாளியைத் திருப்புவான், இவள் மறுபக்கம் நுழைவாள்.

“அக்கா, நீங்க முதல் காட்சியோட கழட்டிட்டீங்க. மூணாவது கோட்டைல ஒரு நெல்லுக் களஞ்சியம் வருதுங்க்கா. துப்பாக்கியக் கீழ வெச்சுட்டா முழுக்க ஒளிஞ்சே போயிரலாம். நான் போனேன். கையெல்லாம் நடுங்கிருச்சு. அவ்வளவு நல்லா இருந்துச்சு.”

“கீழ வெக்கிறதுக்கு எதுக்குடா அவ கையில துப்பாக்கி?”

“புதுசா வர்றவங்களுக்கும் ஏதாச்சும் வேணுமில்லீங்க்கா.”

“அப்ப நீ அவங்க ஆளு.”

அசார் அவளை ஒரு மாதிரி பார்த்தான். “நான் உங்க ஆளுங்க்கா,” என்றான். அதை அவள் காதில் வாங்கவில்லை. உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. விளையாட்டு நிறுவனம் ஏமாற்றியது ஒரு பங்கு என்றால், கூடவே இருந்தவன் அதற்கு வக்காலத்து வாங்குவது பத்துப் பங்காக வலித்தது.

நிறுவனத்திலிருந்து ஜெர்லின் என்ற பெண் வந்திருந்தாள். விழைமானி ஒன்றை மாற்றினால், ஏன் மாற்றியது என்று கேட்கப் பயனாளிகளுக்குச் சட்டம் உரிமை தந்திருந்தது. மறுவளர்ப்புக் கேட்கவும் உரிமை உண்டு. மிருதுளா இரண்டையும் கேட்டாள்.

“எங்க சங்கத்துல முதல் பாகத்துலருந்து விளையாடறவங்க பட்டைய மட்டும் எடுங்க. மத்தவங்க எல்லாரையும் கழிச்சுட்டு மறுபடி வளர்த்துங்க. உண்மையான ரசிகனுக்கு என்ன வேணும்னு உங்க பொட்டிக்கே தெரியட்டும்.”

ஜெர்லின் தயங்கினாள். “மறுவளர்ப்புன்னா ஆறாம் பாகம் மட்டும் மாறாதுங்க. ஆறுக்கும் வேர் ஒண்ணுதான். பழைய பாகங்களும் சேர்ந்து மாறும். திரும்பப் பழசுக்குப் போக முடியாது. ஒரு தடவை யோசிச்சுக்குங்களேன்.”

“என்ன யோசிக்கறது? எங்க மனசு எங்களுக்குத் தெரியாதா?”

கை தூக்கச் சொன்னார்கள். பழையவர்கள் எல்லாரும் தூக்கினார்கள். முதல் பாகத்தை அது வந்தபோது விளையாடாதவர்கள் கணக்கில் இல்லை என்று முடிவானது. அசாரின் பட்டை கழிந்தது. அவன் எழுந்து போகவில்லை.

எல்லாருக்கும் டீ வந்தது. குடித்து முடிப்பதற்குள் விழைமானி ஆறு பாகங்களையும் வளர்த்துவிட்டது. ஜெர்லின் சுவரில் திரையை விரித்தாள். மூத்த ரசிகர்களின் நாடிக்கோடுகள் வரிசையாக ஓடின.

ஒளிந்திருந்த நேரமெல்லாம் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. கோட்டைக்குக் கோட்டை அப்படியே. திடீரென்று ஓர் இடத்தில் மட்டும் கோடு கூரைக்கு எகிறியது. கொஞ்ச நேரம் தாறுமாறாகத் துள்ளிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

“அது என்ன எடம்?” என்று கேட்டாள் மிருதுளா. கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“ஆட்டத்தச் சேமிச்சதுக்கு அப்புறம் வர்ற நேரமுங்க.”

மாடியில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் உயரமாக எகிறியிருந்த கோடு யாருடையது என்று திரையின் ஓரத்தில் பெயர் இருந்தது. சென்னியப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“அது சேமிக்காத ஆட்டம்,” என்றாள் மிருதுளா. “அது கணக்குலயே வராதே.”

“ஆட்டத்துல வராதுங்க. பட்டை கையிலதானே இருந்துச்சு?”

யார் கண்ணிலும் படாமல் நடக்கப் பழகியவர்கள் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவர்கள், தங்களை எந்நேரமும் ஒன்று பார்த்துக்கொண்டிருந்ததை மறந்தே போயிருந்தார்கள்.

“ஒளிஞ்சு நின்ன ஒரு மணி நேரம் இருந்ததாலதான் அந்தச் சொடக்கே நல்லா இருந்தது!” மிருதுளாவின் குரல் உயர்ந்தது. அந்தச் சங்கத்தில் ஒரு குரல் உயர்ந்தது அதுதான் முதல் முறை. “அமைதியா இருக்கத்தான் இத்தனை நாளாப் பழகினோம். நாடி அசையாம இருந்தா எங்களுக்குப் பிடிக்கலன்னா அர்த்தம்?”

“எனக்குப் புரியுதுங்க. அதுக்குப் புரியாது. அசையாத நாடின்னா சலிப்புன்னுதான் அது எடுத்துக்கும்.” ஜெர்லின் அதைச் சொல்ல விரும்பாதவள் போல மெதுவாகச் சொன்னாள். “ஒளியறப்ப நாடி துள்ளுனது புதுசா வந்தவங்களுக்குத்தான். அவங்களுக்கு இன்னும் பயம் போகல. ஆறாம் பாகத்துல ஒளிய எடம் மிச்சம் இருந்ததே அவங்களாலதான்.”

மிருதுளா கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அசார் எழுந்து நின்றிருந்தான்.

“அந்த நெல்லுக் களஞ்சியம் இருக்குதுங்களா?” என்று கேட்டான்.

“இல்லீங்க.”

அவன் மிருதுளாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். பிறகு கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனான். படிகளில் அவன் செருப்புச் சத்தம் கடைசிவரை கேட்டது. அவனைக் கூப்பிட்டு அவள் என்ன சொல்வது? நிறுவனம் தன்னை ஏமாற்றியது என்று வந்தவள், தன் கையாலேயே அவனை வெளியே தள்ளி, தன் உடம்பாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் காட்சிக்கவசத்தை மாட்டிக்கொண்டு முதல் பாகத்தைத் திறந்தாள். முதல் கோட்டையாவது தப்பித்திருக்கும் என்று ஒரு நப்பாசை. அவள் மூச்சுவிடக் கற்றுக்கொண்ட இடம் அது. கதவுக்குக் கீல் இருந்தது. எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடிக் கையை நீட்டினாள். நீட்டிய கையில் துப்பாக்கி இருந்தது. அவள் தொடாமலே கதவு வெடித்துச் சிதறியது. தவில் முழங்கியது.

கூடத்தில் அதே நீலத் திரைச்சீலை மட்டும் தொங்கியது. பழக்கதோஷத்தில் ஓடிப்போய் அதன் பின்னால் நின்றுகொண்டாள். கண்ணை மூடி மூச்சை இழுத்துப் பிடித்தாள். காலடிகள் நெருங்கி வந்து நின்றன. கண்ணைத் திறந்தபோது திரைச்சீலைக்கு முன்னால் காவலாளிகள் மார்பை நிமிர்த்திக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். யாரும் அவளைத் தேடவில்லை. தேட அவர்களுக்குத் தெரியாது. அவள் சுடுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“போங்கடா,” என்றாள். நகரவில்லை. “போய்த் தேடுங்கடா!”

நெஞ்சு இடித்தது. இத்தனை வருடம் அடக்கி வைத்த அத்தனை அலறலும் ஒரே நேரத்தில் மேலே ஏறி வந்தது. ஒன்று, இரண்டு என்று மூச்சை எண்ணிப் பார்த்தாள். அடங்கவில்லை. வாழ்க்கையில் யார் மீதும் அவளுக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. அந்தக் கோபம் யார் மீது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

மணிக்கட்டில் பட்டை பச்சையாக எரிந்தது.

‘உங்கள் மகிழ்ச்சி பதிவாகிவிட்டது. இதே போல் இன்னும் தருகிறோம்.’

மிருதுளா தொண்டை கிழியக் கத்தினாள். பட்டை மறுபடியும் பச்சையாக எரிந்தது.