முந்நூறு டாலர் போதும்!

"கையைத் தூக்குங்கடா!"

கறுப்பு முகமூடி. கையில் இரட்டைக்குழல் துப்பாக்கி!

அமரில்லோ நகரம். க்ளெட்டின் டயர் கடைப் பின்னறை. ஞாயிறு மத்தியானம். போக்கர் மேஜையைச் சுற்றி ஐந்து பேர்... பத்துக் கைகளும் மேலே போயின.

இன்னொரு முகமூடி பையோடு சுற்றி வந்தது. க்ளெட் ஐயாயிரம் டாலர் போட்டான். மற்ற மூவரும் ஆளுக்கு ஐயாயிரம்.

கடைசி ஆள் ரஸ் டாலிவர். கிணற்றுப் பம்பு விற்பவன். பாக்கெட்டைக் கவிழ்த்தான்.

முந்நூறு!

"என்னய்யா இது?" துப்பாக்கிக்காரனுக்கே கோபம் வந்தது. "இதை வெச்சுக்கிட்டா சீட்டாட வந்தே? வெக்கமா இல்ல?"

"வீட்ல இவ்ளோதான் விட்டாங்க, சார்..."

பைக்காரன் முந்நூறை ரஸ்ஸின் சட்டைப் பையிலேயே திணித்துவிட்டு ஓடினான்!

* * *

"வாராவாரம் நீங்களும் ஐயாயிரம் கொண்டு வருவீங்களாம்" என்றாள் டிடெக்டிவ் ஓச்சோவா. "இன்னைக்கு மட்டும் முந்நூறு. அதையும் திருடன் திருப்பிக் குடுத்துட்டான். ரொம்ப நல்ல திருடன்! இல்ல, மிஸ்டர் டாலிவர்?"

போலீஸ் ஸ்டேஷன் விசாரணை அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் க்ளெட் முறைத்துக்கொண்டிருந்தான்.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்! என் பொண்டாட்டி மார்லாதான்... காலையில பெரிய சண்டை..."

சமையலறையில் நடந்த சண்டை அது.

"எவ்ளோ எடுக்கறே?"

"ஐயாயிரம்."

"கூரை ஒழுகுது ரஸ். இருநூறு எடுத்துட்டுப் போ."

"இருநூறா? ரெண்டு ஆட்டம் தோத்தா எழுந்து வரணும்! காசு கம்மியா இருந்தா பயந்து பயந்து ஆடுவேன். பயந்தா தோப்பேன்."

"நிறைய கொண்டு போனப்ப மட்டும் ஜெயிச்சியா?"

ரஸ் பணக்கட்டைப் பிரித்தான்.

"சரி... மூவாயிரம்?"

"இருநூத்தம்பது."

"ஆயிரம்!"

"முந்நூறு. அதுக்கு மேல ஒரு டாலர் கிடையாது."

தோற்றுப்போன ரஸ்ஸின் கன்னத்தில் மார்லா ஒரு முத்தம் கொடுத்தாள். பல வருஷங்களுக்குப் பிறகு!

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவ பேச்சைக் கேட்டது இன்னைக்குத்தான் மேடம்" என்றான் பரிதாபமாக. "அதுக்குப் போய்..."

ஓச்சோவாவின் செல்போன் அலறியது.

கேட்டாள். புருவம் உயர்ந்தது!

"ரெண்டு பேரும் மாட்டிட்டாங்க. ஹைவே பெட்ரோல் பங்க்ல. பையோட வந்தவன் பேரு டெல்பர்ட். தெரியுமா?"

ரஸ் துள்ளி எழுந்தான்.

"என் மச்சான்... மார்லாவோட தம்பி!"

"எந்தக் கடை, எந்தக் கதவு... எல்லாம் அக்கா சொல்லிக் குடுத்ததுதானாம். பாதிப் பங்கும் அக்காவுக்கு. அவங்க வீட்டுக் காசு மட்டும் பத்திரமா வீட்லயே இருக்கணும், இல்லையா?"

ரஸ் அப்படியே நாற்காலியில் சரிந்தான்.

எல்லாவற்றையும்விட அந்த முத்தம்தான் வலித்தது...

* * *

செவ்வாய்க்கிழமை. ஜெயிலிலிருந்து போன்.

"ரஸ்! என்னை வெளியே எடுக்க ஜாமீன் ஏஜெண்ட் நாலாயிரம் கேக்கறான்!"

"ஏன் மார்லா இப்படிப் பண்ணே? என்னை வெச்சே ப்ளான் போட்டிருக்கியே!"

"உன் காசைத்தான்யா எடுக்கப் பார்த்தேன்! இத்தனை வருஷமா நீ அந்த நாலு பேர்கிட்டயும் தோத்த காசு! கணக்குப் பார்த்தா அந்தப் பை பத்தாது!"

ரஸ்ஸால் மறுக்க முடியவில்லை. உண்மைதான்!

"லைன்ல இருக்கியா? பீரோவுல இருந்த பணத்தை எடுத்தியா, இல்லையா?"

"காலையிலேயே எடுத்துட்டேன்."

"முழுசா?"

"முழுசா!"

"என் தங்கமே! அப்ப உடனே கிளம்பு. எங்கே இருக்கே?"

ரஸ் தன் முன்னால் கிடந்த சீட்டுகளின் ஓரத்தை லேசாக உயர்த்திப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"க்ளெட் கடையில, ஞாயித்துக்கிழமை பாதியில நின்ன ஆட்டம்... கொஞ்சம் பொறு மார்லா, ரெண்டு ராஜா வந்திருக்கு!"