கத்தரிப்பூ அலை

காலை ஆறு இருபத்தெட்டுக்குத் தியாழினி கண்ணாடி முன்னால் போய் நின்றுகொண்டாள். தலை வாரியாகிவிட்டது, பால் குடித்தாகிவிட்டது. இனி இரண்டு நிமிடத்துக்கு யார் கூப்பிட்டாலும் அவள் காதில் விழாது. அவளுடைய மேலங்கியின் முதுகில், ஒரு வாரமாக இருக்கும் மூன்று சிவப்புப் பட்டைகள் சாய்வாக ஓடின. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த தன்யஸ்ரீ, மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு சிரித்துக்கொண்டாள்.

ஆறரைக்குத் துணி மாறியது. செம்பட்டைகள் நூலுக்குள் அமிழ்ந்து மறைந்தன. இடது மேற்கையில் ஐந்து ஊதாத் திட்டுகள் மெல்ல மேலெழுந்தன. ஒரு பக்கம் நான்கு, எதிர்ப்பக்கம் சற்றே பெரியதாக ஒன்று. ஓரங்கள் ஈரத்தாளில் மை ஊறியதுபோலக் கசிந்திருந்தன.

"அம்மா, இங்க பாருங்கமா! கத்தரிப்பூ மாதிரியே இருக்கு!"

"நல்லாருக்கு அம்மிணி. இட்லி ஆறுது, வா."

கோவைப் பள்ளிகளில் சீருடை ஒழிந்து ஒன்பது வருடமாகிறது. அதற்குப் பதில் வந்தது உணர்துணி. ஒரு பிள்ளைக்கு ஒரே மேலங்கி. வெயிலில் குளிரும், மழையில் காயும், வளர வளரத் தானே நீளும். வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கும் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கும் ஒரே துணி என்பதால் பெற்றோர்கள் கைதட்டி வரவேற்றார்கள். துணியைத் தயாரிக்கும் நெய்தி நிறுவனம் அதில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பெண்களுக்காக 'அலை' என்று ஒன்றைச் சேர்த்திருந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் தனி அலை. நாள் முழுக்க ஒவ்வொரு துணியும் தன் போக்கில் சின்னச் சின்ன மாற்றங்களைச் செய்து பார்க்கும். எதிரில் நிற்பவளின் கண் எங்கே தயங்கி நிற்கிறது என்று நூலிலுள்ள நுண்கண்கள் குறித்துக்கொள்ளும். யாருடைய துணியில் கண்கள் அதிகம் நின்றனவோ, அந்த வடிவம் மறுநாள் காலை எல்லோருக்கும் வந்துவிடும்; வேறொன்று அதை முந்தும்வரை அதுவே இருக்கும். அந்தப் பெண்ணுக்கு முன்னோடி என்று பெயர். அவள் யாரென்று எவருக்கும் தெரியாது. நான்தான் முன்னோடி என்று வகுப்புக்கு நாலு பேர் சொல்லிக்கொள்வார்கள்.

தியாழினி படித்த பள்ளியில்தான் தன்யஸ்ரீ செவிலியராக இருந்தாள். அன்று இரண்டாவது பாடவேளையில், தலை சுற்றுகிறது என்று ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அனுப்பியிருந்தார்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளை. கட்டிலிலிருந்து எழுந்தவள் தள்ளாடவே, தன்யஸ்ரீ சட்டென்று அவள் மேற்கையைப் பிடித்தாள்.

பிடித்த கையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவளுடைய நான்கு விரல்களும் நான்கு ஊதாத் திட்டுகளின் மேல் படிந்திருந்தன. கட்டைவிரல் ஐந்தாவதன் மேல். அளவு மட்டும் பொருந்தவில்லை. திட்டுகள் அவள் விரலைவிடப் பெரியவை, இடைவெளியும் அதிகம். ஓர் ஆணின் கை.

"மிஸ், இறுக்கிப் புடிச்சிருக்கீங்க, வலிக்குதுங்க" என்றாள் சிறுமி.

அவளுக்குக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, தன்யஸ்ரீ கதவைச் சாத்தினாள். பள்ளியின் அலைப் பதிவேட்டைத் திரையில் எடுத்துப் பின்னோக்கித் தள்ளினாள். போன வாரம் முழுக்க அந்த மூன்று சாய்ந்த செம்பட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு பெல்ட் அகலம். அதற்கு முந்தைய வாரம் வலது தோளில் ஒரு பிறை. அதற்கும் முன்னால் விலாவில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு கறை. 'மாந்தளிர்' என்று பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். இருபது வருடம் காயங்களைப் பார்த்துப் பழகியவள் அவள். ஆறிக்கொண்டிருக்கும் கன்றல் எந்த நிறத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? முன்னூற்றுப் பன்னிரண்டு பெண்கள் அதை உடுத்திக்கொண்டு விளையாடியதை அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

நெய்தியின் உதவி எண்ணில் ஓர் இளைஞன் பேசினான். பணிவான குரல்.

"துணி எங்கேர்ந்து டிசைன் எடுக்குது தம்பி? அத மட்டும் சொல்லுங்க."

"உடம்புலேர்ந்துதான் மேடம். தோலோட சூடு, ரத்த ஓட்டம் எல்லாத்தையும் படிச்சாதானே குளிர வைக்க முடியும்? அந்தப் படத்தையே வெச்சுத்தான் வடிவம் போடும்."

"தோல்ல காயம் இருந்தா?"

"அந்த எடத்துல சூடு மாறும் மேடம். வடிவமும் மாறும்."

"அதப் பாத்துட்டுப் புள்ளைங்க கண்ணு அங்கயே நிக்குதா?"

"கண்ணு ஏன் நிக்குதுன்னு எங்களுக்குத் தெரியாது. நின்னா எடுத்துக்கும், அவ்வளவுதான்."

"முன்னோடி யாருன்னு சொல்லுங்க. ஒரு கொழந்தைய யாரோ அடிக்கிறாங்க."

"சத்தியமா எங்களாலயே பாக்க முடியாது மேடம். யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதான் பேரே இல்லாம செஞ்சிருக்கோம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு மட்டும் சொல்றேன். ஒரே துணி மூணு தடவை முன்னோடியாயிட்டா, அப்புறம் அலை யார் பார்வைக்கும் காத்திருக்காது. நேரா அதுலேர்ந்தே எடுத்துக்கும். அந்தத் துணி மட்டும் ஆறரைக்கு முன்னாடியே மாறியிருக்கும்."

எல்லாப் பெண்களையும் கூப்பிட்டுச் சோதிக்கலாம். ஆனால் அதற்குப் பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் அந்த வீட்டுக்கும் போகும், அந்தக் கையிலும் கிடைக்கும். தன்யஸ்ரீ உடற்பயிற்சி ஆசிரியை கோகிலவாணியைத் தேடிப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் கோகிலவாணி கையிலிருந்த விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "நாளைக்கு ஆறு மணிக்கு ஸ்போர்ட்ஸ் டே ஒத்திகைன்னு சொல்லிர்றேனுங்க அக்கா. ஒருத்தி விடாம வரச் சொல்றேன்" என்றாள்.

மறுநாள் காலை மைதானத்தில் பனி இறங்கியிருந்தது. பெண்கள் கொட்டாவி விட்டபடி வரிசையில் நின்றார்கள். எல்லோருடைய இடது கையிலும் ஐந்து கத்தரிப்பூக்கள். ஆறு பத்துக்குத் தன்யஸ்ரீ முதல் வரிசையிலிருந்து நடக்கத் தொடங்கினாள். பனியில் முகங்களே கலங்கித் தெரிந்தன. ஒவ்வொரு கையாகப் பார்த்தாள், ஒவ்வொரு தோளாகப் பார்த்தாள். நான்காவது வரிசையில் தியாழினி நின்றாள். வீட்டிலிருந்து ஒன்றாகத்தான் வந்தார்கள். ஆனாலும் அவளுடைய கழுத்து, கை எல்லாவற்றையும் தன்யஸ்ரீ இன்னொரு முறை பார்த்தாள்.

"என்னமா தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. நேரா நில்லு."

ஆறு இருபத்தொன்பது. பத்தாவது வரிசையில் பாதி வந்திருந்தாள். கடைசி வரிசைகளில் எங்கோ ஒரு மேலங்கி வேறு மாதிரித் தெரிந்தது. கையில் ஒன்றுமில்லை, கழுத்துப் பட்டையில் கறுப்பாக ஏதோ இருந்தது. இரண்டு பக்கமும் விரல் விரலாக. தன்யஸ்ரீ ஓடினாள். நடுவில் நின்ற பிள்ளைகள் புரியாமல் விலகினார்கள்.

அவள் போய்ச் சேருவதற்குள் ஆறரை ஆகிவிட்டது.

மைதானம் முழுக்க ஒரே நொடியில் துணி மாறியது. முன்னூற்றுப் பன்னிரண்டு கழுத்துகளில் பத்து விரல் தடங்கள் ஏறின. "ஐயோ சூப்பர்!" என்று ஒருத்தி கத்தினாள். "நெக்லஸ்டீ, நெக்லஸ்!" என்றாள் இன்னொருத்தி. பிள்ளைகள் குனிந்து தங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்கள், ஒருத்தியின் பட்டையை இன்னொருத்தி நிமிர்த்திவிட்டாள். நான்காவது வரிசையிலிருந்து தியாழினி, அம்மாவுக்குத் தெரியட்டும் என்று தலையை அண்ணாந்து காட்டினாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே கை, அதே கழுத்து. அந்தப் பெண் எங்கே போனாள்?

ஒரே ஒருத்தி மட்டும் தன் துணியைப் பார்க்கவில்லை. கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, சுற்றியிருந்தவர்களின் கழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழாம் வகுப்பு பி பிரிவு பவதாரணி. ஒரு நாளும் செவிலியர் அறைப் பக்கம் வராத பிள்ளை.

அறைக்குள் அவளை உட்காரவைத்து, கதவைச் சாத்தி, தன்யஸ்ரீ மெதுவாகக் கழுத்துப் பட்டையை இறக்கினாள். துணியில் இருந்தது தோலிலும் இருந்தது. துணியில் வராத நகக்கீறல்கள் இரண்டு கூடவே இருந்தன.

"யாரு கண்ணு?"

பவதாரணியின் குரல் கரகரத்தது. "பெரியப்பா."

அவளுடைய அம்மா கடல் காற்றாலையில் வேலை பார்க்கிறாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கரைக்கு வருவாள். அப்பா இல்லை. பெரியப்பா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். இதையெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னாள்.

"எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல சாமி?"

"மொதல்ல சொல்லலாம்னுதான் இருந்தேன் மிஸ். அடுத்த நாள் வந்து பாத்தா எல்லாரும் போட்டிருந்தாங்க." அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். "எல்லார் வீட்லயும் அடிப்பாங்க போல, யாரும் அழறதில்ல, நாமதான் அழறோம்னு நெனச்சேன். அப்புறந்தான் அது என்னுதுன்னு தெரிஞ்சுது. ஆனா எல்லாரும் அழகா இருக்குதுன்னாங்களே மிஸ்."

தன்யஸ்ரீ அவளை மார்போடு சேர்த்துக்கொண்டாள். எங்கே தொட்டால் வலிக்காது என்று தெரியாமல், தலையை மட்டும் தடவிக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்குள் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் வந்துவிட்டார். அம்மாவுக்குச் செய்தி போனது. மாலை நாலு மணிக்குப் பெரியப்பா வழக்கம்போலப் பள்ளி வாசலுக்கு வந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு.

"ஏனுங்க மிஸ், எங்க புள்ளைய இன்னும் விடலீங்களா? ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?"

தன்யஸ்ரீ அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்த விரல்களைத்தான் பார்த்தாள். அகலமான விரல்கள். இடைவெளியை அவளால் அளவுகோலே இல்லாமல் சொல்ல முடிந்தது. "உள்ள வாங்க" என்றாள். உள்ளே இரண்டு காவலர்கள் காத்திருந்தார்கள்.

இரவு விமானத்தில் வந்திறங்கிய அம்மாவோடு பவதாரணி ஈரோட்டுக்குச் சின்னம்மா வீட்டுக்குப் போனாள். அவளுடைய உணர்துணியைக் காவலர்கள் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். கோகிலவாணியின் மகளுடைய பழைய பருத்திச் சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. காரில் ஏறுமுன் கையை மடக்கி, நீட்டி, துணியில் எதுவும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் ஆறரைக்குத் தியாழினியின் மேலங்கி வெறும் வெள்ளையாக மாறியது.

"என்னமா இது? டிசைனே வரல!"

தன்யஸ்ரீ அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பன்னிரண்டு வயதுக்கு எவ்வளவு சொல்லலாமோ அதற்கு மேலேயே சொன்னாள். கேட்டு முடித்ததும் தியாழினி எழுந்து குளியலறைக்குள் போய்க் கழுத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தோல் சிவந்த பிறகும் தேய்த்தாள்.

"நேத்து நான் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன்மா" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து. "பவதாரணிக்கும் அனுப்பினேன். இதயம் போட்டு அனுப்பினேன்."

அன்று இருவரும் ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கிளம்பினார்கள். லட்சுமி மில் சந்திப்பில் சிவப்பு விழுந்தது. பக்கத்தில் வேறொரு பள்ளியின் வேன் வந்து நின்றது. உள்ளே முப்பது பெண்கள், எல்லோரும் தியாழினியின் வயது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த எல்லாக் கைகளிலும், மணிக்கட்டைச் சுற்றி ஒரே மாதிரி கருஞ்சிவப்புக் கோடு. நடுநடுவே சாய்வான வரிகள், முறுக்கிய கயிற்றில் இருப்பதைப்போல. ஒருத்தி தியாழினியைப் பார்த்து, வளையல் குலுக்குவதுபோலக் கையைக் குலுக்கிக் காட்டினாள்.

தன்யஸ்ரீ வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு இறங்கினாள். ஓட்டுநரின் கண்ணாடியைத் தட்டினாள்.

"எந்த ஸ்கூலுங்க? உங்க ஸ்கூல் நர்ஸ் யாருங்க? நான் அவங்களப் பாக்கணும்."

"நர்ஸா?" ஓட்டுநர் சிரித்தார். "எங்க ஸ்கூல்ல அதெல்லாம் இல்லீங்களே."

பச்சை விழுந்தது. பின்னால் வண்டிகள் ஒலியெழுப்பின. வேன் நகர்ந்தது. தன்யஸ்ரீ திரும்பி ஓடிவந்தபோது தியாழினி தன் உள்ளங்கையில் பேனாவால் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். வேனின் பதிவெண்.

"பின்னாடியே போங்கமா" என்றாள். "சீக்கிரம்."

தன்யஸ்ரீ தங்கள் பள்ளிக்குத் திரும்ப வேண்டிய வளைவைத் தாண்டி, நேராக வண்டியை விட்டாள்.