குமார்துலியில் பிடித்த கை

சந்துகளை விட்டு வெளியே வந்த பிறகுதான் சிவராஜ் கவனித்தான்: அவன் பிடித்திருந்த மகளின் கை ஈரமாக இருந்தது.

வியர்வை இல்லை. அந்த மத்தியான வெயிலிலும் ஜில்லென்று இருந்தது. சாமி சிலை செய்கிற குமார்துலிச் சந்துகளில் எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை. இரண்டு பக்கமும் வைக்கோலும் மூங்கிலுமாக இன்னும் தலை வைக்காத துர்க்கைகள் வரிசையாக நிற்க, நனைந்த களிமண்ணும் மக்கிய சணலும் கலந்த வாடை தொண்டையில் படிய, அவன் முன்னால் நடந்து, கையைப் பின்னுக்கு நீட்டி, மதுவந்தியை இழுத்துக்கொண்டே வந்திருந்தான். நடுவில் நாலு பேர் ஒரு சிலையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே புகுந்தபோது பிடி நழுவியது. மறு நிமிஷமே கை திரும்பவும் வந்து சேர்ந்துகொண்டது.

"களிமண்ணத் தொட்டியா மது?"

திரும்பிப் பார்த்தான். மஞ்சள் கவுன், குனிந்த தலை, முகத்தை மூடி விழுந்த முடி. ஒதுக்கிவிட விரலை நீட்டினான். ஏனோ ஒதுக்கவில்லை.

கரக்பூர் ரயில்வே பட்டறையில் அவனுக்கு லீவு கிடைப்பது அபூர்வம். கல்கத்தா பார்க்க வேண்டும் என்று ஏழு வயது மகள் ஒரு வருஷமாக நச்சரித்ததால், காய்ச்சலில் படுத்திருந்த மனைவி வசந்தியை வீட்டில் விட்டுவிட்டு விடியற்காலை லோக்கல் ரயிலில் கிளம்பியிருந்தான். ஹவுரா பாலத்தை நடந்தே கடந்தார்கள். பூச்சந்தை, டிராம், மஞ்சள் டாக்சி என்று ஒவ்வொன்றுக்கும், தலையில் கட்டிய சிவப்பு ரிப்பன் ஆட, மது கேள்வி கேட்டாள். பாதி தமிழ், பாதி வங்காளம். சந்துக்குள் நுழையும்போதுகூட, "அப்பா, சாமிக்கு ஏன் தலை இல்ல?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

கால் வலிக்கவில்லை அவளுக்கு. தாகம் எடுக்கவில்லை. மிட்டாய்க் கடையில் சந்தேஷ் வாங்கி நீட்டினான், கை நீளவில்லை. கடை வாசலில் சுருண்டிருந்த நாய் எழுந்து, குரைக்காமல், பின்னுக்கு நகர்ந்து கடைக்குள் போய்விட்டது. வெயில் தாக்கியிருக்கும், சீக்கிரம் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று நினைத்தான். போன் அடித்தது. எடுக்கக் கையை விடுவிக்கப் பார்த்தான்.

விரல்கள் விடவில்லை.

இடது கையால் எடுத்தான். வசந்திதான்.

"எங்க இருக்கீங்க? மதுகிட்ட குடுங்க."

போனை மகளின் காதருகே பிடித்தான். வசந்தி என்னவோ கேட்பது மெல்லக் கேட்டது. திரும்ப எடுத்தபோது அவள் குரல் மாறியிருந்தது.

"என்னங்க, தண்ணி சத்தம் கேக்குது. தண்ணிக்குள்ள யாரோ மூச்சு வாங்கற மாதிரி. புள்ள எங்கங்க?"

"இங்கதான். பக்கத்துலதான் நிக்கறா."

நடுத்தெருவில் நின்றிருந்தான். சுற்றிலும் புழுதி. தண்ணீர் எங்குமில்லை. லைன் அறுந்தது.

கை இழுத்தது. இப்போது அவள் முன்னால் நடந்தாள், வழி தெரிந்தவள் போல. தண்டவாளத்தைத் தாண்டி, ஆற்றங்கரைப் படித்துறைக்கு. ஹவுராவுக்குப் போகும் ஃபெரிப் படகு புறப்படத் தயாராக நின்றது. ஏறினால் அக்கரை. அங்கிருந்து ரயில். வீடு. அதை மட்டும் நினைத்துக்கொண்டு ஏறினான். மோட்டார் உறுமியது. கயிற்றை அவிழ்த்தார்கள்.

"அப்பா!"

கரையிலிருந்து.

மிதவைப் பாலத்தின் நுனியில் மஞ்சள் கவுன். முழங்கால் வரை களிமண். சிவப்பு ரிப்பன் அப்படியே இருந்தது. ஒரு வங்காளிப் பெண் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஓ தாதா! தாதா!" என்று அவனை அண்ணன் முறை சொல்லி, படகைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"என்னைய உட்டுட்டு எங்க போறப்பா?"

மதுவின் குரல், அழுகையோடு. மதுவேதான்.

படகின் கம்பித் தடுப்பை நோக்கி ஓரடி வைத்தான். நடுவில் பழுப்புத் தண்ணீர் அகன்றது. நாலடி. பத்தடி.

கீழே பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. வலது உள்ளங்கையில் சின்ன விரல்கள் ஒவ்வொன்றாக இறுகின.

கரையில் மது அழுகையை நிறுத்தினாள். அவள் பார்வை அவனை விட்டு நகர்ந்து, அவனுக்குப் பக்கத்தில் நிலைத்தது. அந்தப் பெண்ணும் பார்த்தாள். கத்துவதை நிறுத்தினாள். சேலைத் தலைப்பை இழுத்துக் குழந்தையின் கண்களை மூடினாள்.

அவன் கை தானாக உயர்ந்தது. கம்பித் தடுப்பின் மேலாகப் போய், வெளியே, ஆற்றுக்கு மேல் நீண்டது. யாரோ தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்குவது போல.

அந்தச் சின்னப் பிடி மெல்ல, கீழ்நோக்கி, அவனை இழுக்கத் தொடங்கியது.