இரண்டாவது அடுப்பு

பூங்கோதை இன்னும் சைக்கிளில் ஏறவே இல்லை. அதற்குள் அவளுடைய நிழல் நூறு முறை மலையேறி இறங்கி வந்துவிட்டது.

இப்போதெல்லாம் அப்படித்தான். நிழலோட்டி என்ற கருவி வந்த பிறகு, தெரியாத வழியில் தன் காலால் முதலில் போகிறவர் எவருமில்லை. மணிக்கட்டில் கட்டிய பதிவி ஓராண்டு முழுக்க உங்கள் நாடித்துடிப்பையும் மூச்சிரைப்பையும் கோபதாபங்களையும் குறித்துவைத்து, உங்களைப் போலவே ஓர் ஆளைக் கணினிக்குள் செய்துவிடும். அதுதான் நிழல். நீங்கள் போகவிருக்கும் வழியில் அது நூறு முறை போகும். விழும், நனையும், பசியில் சுருண்டு படுக்கும். பிறகு வந்து, "தார்ப்பாய் போதாது, பிரேக் கட்டை இரண்டு கூடுதலாக வையுங்கள்" என்று சொல்லும். சொன்னது பலித்தும்விடும். அதனால்தான் ஊரே அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறது.

இந்த முறை போடியிலிருந்து கிளம்பி, ஆளொழிந்த ஏலத்தோட்டங்கள் வழியாக எட்டு நாள் மலைப்பாதை. மூன்றாம் நாளுக்கு மேல் மனித வாடையே கிடையாது. பூங்கோதையும் வீரணனும் பதினோரு வருடமாக இப்படிப்பட்ட பாதைகளில் ஒன்றாக மிதிக்கிறவர்கள். அவள் ஏலக்காய் மண்டியில் தரம் பார்க்கிறாள். அவன் சூரிய மோட்டார்களைப் பழுது பார்க்கிறான். இருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. எதையும் ஒருவரே முழுதாகச் சுமப்பதில்லை. அடுப்பு அவனிடம் என்றால் எரிவாயு இவளிடம். பம்பு அவனிடம், டியூப் இவளிடம். கூடாரத் துணி அவனிடம், கம்பி இவளிடம். சுமை குறையட்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். போகப்போக அதுவே வாய்விட்டுச் சொல்லாத ஒரு சத்தியமாகிவிட்டது. எவ்வளவு சண்டை வந்தாலும் ஒருவரை விட்டு ஒருவர் போய்விட முடியாது.

கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது நிழலோட்டியின் அறிக்கை வந்தது. வீரணன் சாமான் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்தான். பூங்கோதை அப்படி விடுகிறவளா? தரம் பார்த்துப் பழகிய கண். கடைசிப் பக்கம் வரை போனால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். நாற்பதாம் பக்கத்தில் இருந்தது அது.

"நான்காம் நாள், வனக்குடிசை. பூங்கோதைக்கு முழங்கால் பிசகுகிறது. பட்டை கட்டி இரண்டு நாள் ஓய்வெடுத்தால் சரியாகும். நூறு ஓட்டங்களில் அறுபத்து மூன்றில் வீரணன் அவரை அங்கேயே விட்டுவிட்டுத் தனியே மலையிறங்குகிறார். திரும்பி வருவதில்லை."

மஞ்சள் காமாலையில் கிடந்தவனுக்கு இருபது நாள் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள். "படுபாவி, நீயா?" என்று திரையைப் பார்த்தே கேட்டாள். அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்றா சொல்லப்போகிறான்? இடையில் மூன்று முறை அவனே கூப்பிட்டான். கேஸ் வாங்கிட்டியா, டியூப் பாத்தியா என்று எப்போதும் போலப் பேசினான். அந்த எப்போதும் போலதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. கடைக்குப் போய்த் தனக்கென்று ஓர் அடுப்பு, ஒரு பம்பு, ஒற்றை ஆள் கூடாரம் வாங்கிப் படுக்கைச் சுருளுக்குள் வைத்துச் சுற்றினாள்.

கிளம்புகிற காலையில் அடிவாரத்து டீக்கடை முன்னால் நின்றார்கள். அங்கேயும் ஒரு வழக்கம். இவர் சைக்கிளை அவரும், அவர் சைக்கிளை இவரும் ஒரு தரம் தூக்கிப் பார்ப்பார்கள். வீரணன் தூக்கினான். தூக்கியவன் மெல்லக் கீழே வைத்தான்.

"என்னத்தக் கட்டி வச்சிருக்க? மூணு கிலோ தூக்கலா இருக்கே."

"துணிமணிதான்."

"பதினோரு வருசமா தூக்குறேன் கோத. துணி கனம் எனக்குத் தெரியாதா?"

படுக்கைச் சுருளை அழுத்திப் பார்த்தான். அடுப்பின் கால் உள்ளங்கையில் குத்தியது. பிரித்தான். அடுப்பு, பம்பு, கூடாரம் என்று ஒவ்வொன்றாகத் தரையில் வைத்துவிட்டு, அவற்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அம்புட்டும் உங்கிட்டயே இருக்குல்ல. பெறகு நான் என்னத்துக்கு?"

பூங்கோதைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கையிலிருந்த நிழலோட்டியில் நாற்பதாம் பக்கத்தைத் திறந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் இரண்டு முறை படித்தான்.

"நான் உன்ன விட்டுட்டுப் போயிருவேன்னு நம்பிட்ட."

"நான் சொல்லல, அது சொல்லுது. இது வரைக்கும் அது தப்பாச் சொன்னதில்ல."

"எதுக்குப் போனேன்னு கேட்டியா?"

அதை அவள் கேட்கவில்லை. எண்ணைப் பார்த்ததுமே எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். வீரணனே நிழலோட்டியிடம் கேட்டான்.

"முழங்கால் பட்டை தேடி, பூங்கோதையின் படுக்கைச் சுருளைப் பிரித்தார். உள்ளே இரண்டாவது அடுப்பு இருந்தது" என்றது நிழலோட்டி. தொடர்ந்து, நான்காம் நாள் களைப்போடு வீரணனுடைய நிழல் அவன் குரலிலேயே பேசியது. "அம்புட்டும் உங்கிட்டயே இருக்குல்ல. பெறகு நான் என்னத்துக்கு?"

பூங்கோதை நிழலோட்டியின் பக்கம் திரும்பினாள். "அதெப்படி? நீ சொன்ன பெறகுதான அடுப்பே வாங்குனேன்."

"உங்கள் நிழலும் உங்களைப் போன்றதுதான். அறிக்கையைக் கடைசி வரை படிக்காமல் கிளம்பாது. முதலில் நூற்றுக்கு ஒன்று என்றுதான் இருந்தது. அதைப் படித்ததும் உங்கள் நிழல் ஓர் அடுப்பு வாங்கியது. அதன் பிறகு எண்ணிக்கை ஏறியது."

"மிச்சம் முப்பத்தேழுல?" என்று கேட்டாள்.

"அவற்றில், படித்த உடனே வீரணனைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டீர்கள்."

வீரணன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. தன் பையிலிருந்த அடுப்பையும் பம்பையும் கூடாரத் துணியையும் எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, சைக்கிளை ஊர்ப்பக்கம் திருப்பினான்.

"வீரா, ஒரு நிமிசம் நில்லு."

அவன் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றான். "நாலாம் நாள் வரைக்கும் எதுக்கு இழுக்கணும்? அஞ்சு நாள் இருந்துச்சே கோத. நானும் மூணு வாட்டி கூப்புட்டேனே."

அவன் திருப்பத்தில் மறையும் வரை அவள் அங்கேயே நின்றாள். டீ ஆறிப்போய்க் கிடந்தது. கையிலிருந்த நிழலோட்டி மெல்ல அதிர்ந்து, திரையில் புதிய வரி ஓடியது.

"பயணம் ஒரு நபருக்கு மாற்றப்பட்டது. தேவையான பொருள்கள் அனைத்தும் உங்களிடம் உள்ளன."