இரண்டு ஏசியும் ஒரு குடம் தண்ணீரும்

அந்த மே மாதம் நாகவல்லி நடுவர் ஆகிவிட்டாள். கபடிக்கோ கிரிக்கெட்டுக்கோ இல்லை, இரண்டு ஏசிகளுக்கு!

அவளுடைய அப்பா கஜபதி கொரட்டூரில் ஏசி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். ஒரே மாதிரி இரண்டு ஏசிகளை மேசைமேல் வைத்து, ஒன்றில் பழைய கேஸையும் மற்றதில் புதிதாக வந்த கேஸையும் நிரப்பியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர்.

“பழைய கேஸ் நெருப்புல பத்தாது. ஆனா வெளியே போச்சுன்னா, வெயில்ல இருந்து நம்மள காப்பாத்துற ஓசோனை அரிச்சிடும். புதுசு அதைத் தொடாது. கரண்டும் கம்மியாத்தான் இழுக்குமாம். எந்த மீட்டரு மெதுவா சுத்துதுன்னு பாரு” என்றார் அப்பா.

“அப்போ புதுசுதான் நல்லது, இல்ல நைனா?”

“அவசரப்படாத. அதுக்கும் ஒரு கெட்ட குணம் கீது. பொசுக்குனு பத்திக்கும். அடுப்பு கேஸ் மாதிரி வாசனையும் வராது.”

கடையில் கூட வேலை பார்க்கும் மச்சான், நாகவல்லியின் மாமா துலுக்கானம், உள்ளே நுழைவதைப் பார்த்ததும், “குழந்தையைப் பார்த்துக்கோ” என்று சொல்லிவிட்டு, அப்பா செப்புக் குழாய் வாங்கக் கிளம்பினார். புது கேஸைப் பற்றி மட்டும் மச்சானிடம் சொல்ல மறந்துவிட்டார்.

புது கேஸ் ஏசியின் மீட்டர்தான் மெதுவாகச் சுற்றியது. நாகவல்லிக்கு ஒரே குஷி. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்த ஏசியின் காற்று வெதுவெதுப்பாகிவிட்டது. பின்பக்கம் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம்.

“மாமா, இதுல ஏதோ சத்தம் வருது!”

“லீக்குதான். இதோ பார்த்துடறேன்.”

மாமா அலமாரியிலிருந்து கசிவு பார்க்கும் விளக்கை எடுத்தார். பழைய கேஸ் கசிந்தால் அந்த விளக்கின் சுடர் பச்சையாக மாறும். எந்த இடத்தில் பச்சையாகிறதோ அங்கேதான் ஓட்டை. எத்தனையோ வருடமாக மாமா அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்.

அவர் தீப்பெட்டியைத் திறந்தார்.

“மாமா, பத்த வைக்காத! அது புது கேஸு!”

“ஏசி கேஸ் எங்கனா பத்துமா? சும்மா இரு கண்ணு!” என்று சிரித்துக்கொண்டே குச்சியை எடுத்தார்.

இனிப் பேசிப் பயனில்லை. மூலையில் குடிதண்ணீர்க் குடம் இருந்தது. நாகவல்லி அதை இரு கைகளாலும் தூக்கி, மாமாவின் மேல் அப்படியே கவிழ்த்தாள்.

மாமாவும் நனைந்தார், தீப்பெட்டியும் நனைந்தது.

“ஏய்! இன்னா வேலை பண்ற நீ?” என்று மாமா கத்தினார். அவள் நிற்கவில்லை. வாசலுக்கு வெளியே ஓடி, அங்கிருந்த மெயின் சுவிட்சை இறக்கினாள். ஏசிகள் நின்றன.

“எதையும் தொடாம வெளியே வா மாமா! நைனா சொன்னாரு, அது பத்திக்கும்!”

நைனாவின் பேரைக் கேட்டதும்தான் மாமா வெளியே வந்தார்.

திரும்பி வந்த அப்பா நடந்ததைக் கேட்டு, மகளை இறுக அணைத்துக்கொண்டார். “தப்பு என்னுதுதான் மச்சான். உன்கிட்ட சொல்லாம போயிட்டேன். இதுக்கு விளக்கு ஆகாது, சோப்புத் தண்ணிதான்.”

கடைக்குள் பரவிய கேஸ் கலைந்து போகும்வரை மூவரும் தெருவிலேயே நின்றார்கள். துலுக்கானம் மாமா நனைந்த தீப்பெட்டியைச் சாக்கடையில் வீசினார்.

சோப்புத் தண்ணீரை மாமாதான் தடவினார். குழாய் இணைப்பு ஒன்றில் குட்டிக் குட்டியாக நுரை பொங்கியது.

“போட்டியில யாரு ஜெயிச்சது?” என்று கேட்டார் அப்பா.

“புதுசுதான் நைனா. ஆனா அதை ஒழுங்கா மூடத் தெரியணும்.”

சாயங்காலம் மாமா இன்னும் முழுதாகக் காயாத சட்டையோடு தன் வீட்டுக்கு நடந்தார். எதிரே வந்த பக்கத்து வீட்டு வேம்புலி, “இன்னா அண்ணாத்தே, இந்த வெயில்ல எங்க மழை?” என்று கேட்டார்.

“எங்க கடையிலதான்” என்றார் மாமா. “என் அக்கா பொண்ணு பேஞ்சா. அதனாலதான் நான் உசிரோட ஊட்டுக்குப் போய்க்கினு கீறேன்.”