எட்டுச் செலவு நண்டுக்கறி

வற்றாப்பளை அம்மாள் ஆணையாக, இதிலே ஒரு சொல்லும் பொய்யில்லை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பொய்யென்றால் எனக்கு மிஞ்சிக் கிடக்கிற கடைவாய்ப் பல் இன்றைக்கே பாண் தின்னும்போது கழன்று விழட்டும்.

உடையார்கட்டைத் தாண்டி, களப்புப் பக்கமாக இறங்கும் கிறவல் றோட்டின் முடிவில் ஒரு நண்டுக் கொம்பனி இருக்கிறது. லக்சிகா அங்கே வேலைக்கென்று வந்திறங்கியது ஒரு மாரிகாலக் காலமை. கொம்பனி பஸ் பெட்டையளைக் கேற்றடியில் கொட்டிவிட்டுத் திரும்பியது. தகரக் கூரை, வெள்ளைச் சுவர், ரியூப் லைற் வெளிச்சம். பேய்க்கு ஏற்ற இடமென்று சொல்ல ஒரு வௌவால்கூடக் கிடையாது. அவித்த நண்டின் மணம் மட்டும் மூக்கில் ஏறி, தலைமயிருக்குள் புகுந்து, அங்கேயே குடியிருந்துவிடும்.

உள்ளே எல்லாரும் ஒருத்தி மாதிரி. வெள்ளைத் தொப்பி, வெள்ளை மாஸ்க், வெள்ளை ஏப்ரன், முழங்கால் மட்டும் வெள்ளை ரப்பர் சப்பாத்து. கண் மட்டும்தான் தெரியும். பெத்த தாய் வந்தாலும் கண்ணைப் பார்த்துத்தான் பிள்ளையை மட்டுக்கட்டவேணும்.

சப்பாத்துத் தட்டின் ஓரத்தில் ஒரு சோடி கிடந்தது. லக்சிகா காலை விட்டாள். விட்ட வேகத்திலேயே இழுத்தாள். உள்ளே ஈரம். மழைத்தண்ணி ஈரமில்லை, ஐஸ் கரைந்த மாதிரி, எலும்பைத் தொடுகிற ஈரம்.

“அதை விடு பிள்ளை.” நண்டு உடைக்கிற மேசையில் மூத்தவளான இராசமலர் சொன்னாள். “அது சுகந்தினியின்ரை.”

“அவா இண்டைக்கு வரேல்லையோ?”

“அவள் செத்துப்போனாள்.”

“அப்ப ஏனக்கா உள்ளுக்கை ஈரமாயிருக்கு?”

இராசமலர் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு நண்டு உடைக்கப் போய்விட்டாள்.

மிச்சக் கதை துண்டு துண்டாகத்தான் லக்சிகாவின் காதுக்கு வந்தது. சுகந்தினி நெளுக்குளத்துப் பெட்டை. தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து குடியேறினவர்கள். மனேச்சர் பிரதீபன் சேர் கூப்பிட்ட இடத்துக்குப் போகமாட்டேன் என்றாள். சேர் அவளை ஐஸ் அறைக்கு மாற்றினார். நண்டுச் சதை அடைத்த தகரங்களைக் குளிரில் அடுக்கி வைக்கிற அறை அது. நெஞ்சுச் சளியோடும் காய்ச்சலோடும் வந்து வந்து, ஒருநாள் வராமல் விட்டாள்.

எட்டாம் நாள் பெட்டையள் தங்கள் பங்குக்கு அவளுக்கு எட்டுச் செலவு செய்தார்கள். செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைத்து, பிறகு கொண்டுபோய்ச் சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேணும். அப்போதுதான் போகிறவர் போவார். சுகந்தினிக்கு விருப்பம் நண்டு. நாள் முழுக்க நண்டு உடைத்தவள் ஒரு துண்டும் வாயில் வைத்ததில்லை, சதையெல்லாம் கப்பலேறிவிடும். ஆகவே கழித்துவிட்ட சின்ன நண்டுகளைப் பொறுக்கி, கேற்றைக் காக்கிற வாச்சரின் அடுப்பில் தூள் போட்டுக் கறி காய்ச்சி, தேநீர் குடிக்கிற அறையிலே படைத்தார்கள்.

பிழை பிறகுதான் நடந்தது.

பின்னேரம் வெளியே போகும்போது கேற்றில் எல்லாருடைய பையையும் திறந்து பார்ப்பது கொம்பனிச் சட்டம். வாச்சர் கணபதி கறிப் பார்சலை மோந்து பார்த்தார்.

“நண்டு வெளியிலை போகாது.”

“அண்ணை, இது செத்தவளின்ரை பங்கு. சந்தியிலை வைக்கோணும்.”

“செத்தாளுக்கெண்டாலும் போகாது. சட்டம்.”

கணபதி கெட்ட மனுசனில்லை, சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். மனேச்சரின் கறுப்புப் பையை மட்டும் அவர் திறப்பதில்லை. அதற்குச் சலூட் அடிப்பார். பெட்டையள் பார்சலைக் கொண்டுபோய் ஐஸ் அறை மூலையில் வைத்தார்கள், நாளைக்குப் பார்ப்போமென்று. நாளைக்கு ஒருத்தருக்கும் அதைத் தொடத் துணிவு வரவில்லை. பார்சல் உள்ளேயே கிடந்தது.

படைத்ததும் உள்ளே. ஆருக்குப் படைத்ததோ அவளும் உள்ளே.

இனி லக்சிகாவின் பாடு. வீட்டில் செயற்கைக் காலோடு ஒரு தாய். அந்த வீட்டுக்கு வேறு உழைப்பாளி இல்லை. பிரதீபன் சேர் மரியாதையான ஆள். ‘நீர்’ போட்டுத்தான் கதைப்பார். முதலில் அவளுடைய கண் வடிவென்றார். பிறகு தகரத்தைப் பார்க்கிற சாட்டில் இடுப்பில் கை வைத்தார். லக்சிகா தட்டிவிட்டாள். தட்டிய கையில் நண்டின் ஓடு இருந்ததால் சேரின் விரலில் ஓடு கீறிவிட்டது.

அன்றிலிருந்து அவள் உடைத்த சதையில் மட்டும் ஓடு கிடந்தது. அவள் நிற்கிற சந்தியில் மட்டும் பஸ் நிற்க மறந்தது. சைக்கிளில் வந்தால் பிந்தி வந்ததாக ஏச்சு.

சுவரில் மூன்று பாஷையிலும் ஒரு தொலைபேசி இலக்கம் எழுதியிருந்தது: பெண்களுக்குப் பிரச்சினையென்றால் அழையுங்கள். அழைத்தாள். கொழும்பிலிருந்து பஞ்சு மாதிரி ஒரு குரல் எல்லாவற்றையும் கேட்டது. உடனே கவனிக்கிறோம் என்றது. உடனேதான் கவனித்தார்கள். பின்னேரத்துக்குள் பிரதீபன் சேருக்கு அறிவித்துவிட்டார்கள்.

அடுத்தநாள் லக்சிகாவுக்கு ஐஸ் அறை.

“பொலிசுக்குப் போகட்டோ அக்கா?”

“போய் ஆரைச் சாட்சி சொல்லுவாய்?” இராசமலர் குசுகுசுத்தாள். “எல்லாருக்கும் மாஸ்க்.”

அத்தோடு விட்டாரா சேர்? உடையார்கட்டுப் பக்கத்துக்கு இனி பஸ்ஸே விடமாட்டேன், காரணத்தை லக்சிகாவிடம் கேளுங்கள் என்று மேசையடியில் நின்று சொன்னார். பெட்டையள் அவளோடு கதைக்கிறதை நிற்பாட்டினார்கள். கை கழுவுகிற இடத்தில் இராசமலர்தான் கிட்ட வந்தாள், கண்ணைப் பார்க்காமல்.

“நாளைக்குச் சாப்பாட்டு நேரம் ஐஸ் அறைக்கு வருவாராம். கதைச்சுப் பேசித் தீர்த்துக்கொள் பிள்ளை. பஸ் நிண்டால் நாங்கள் என்னெண்டு வாறது?”

“சுகந்தினிக்கும் இப்பிடித்தான் சொன்னனீங்களோ அக்கா?”

இராசமலர் குழாயைப் பூட்டினாள். பூட்டின குழாயை இன்னொருக்காப் பூட்டினாள்.

அடுத்தநாள் உச்சிப்பொழுது. வெளியே தகரம் பொரிகிற வெயில். உள்ளே லக்சிகா தனியே தகரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் செத்துவிட்டிருந்தன. வேலையை விட்டால் தாய்க்குக் கஞ்சியில்லை. விடாவிட்டால் அந்தக் கதவு திறக்கும். அவள் மூலையைப் பார்த்துச் சொன்னாள், வாய்க்குள்ளே:

“சுகந்தினியக்கா, எனக்கு வேறை ஆருமில்லை.”

முதலில் மணம் வந்தது.

குளிரிலே ஒன்றும் மணக்காது. நண்டுகூட மணக்காது. ஆனால் மணந்தது: வறுத்த தூளும், தேங்காய்ப்பாலும், முருங்கையிலையும் போட்டுக் கொதிக்கிற நண்டுக்கறி.

பிறகு சத்தம்.

டக்.

நண்டுக் காலை உடைக்கிற சத்தம்.

டக். டக்.

லக்சிகா மெல்லத் திரும்பினாள். தட்டுகளுக்கு இடையில் ஒருத்தி முதுகு காட்டி நின்றாள். வெள்ளைத் தொப்பி, வெள்ளை ஏப்ரன். லக்சிகாவின் மாஸ்க்கிலிருந்து மூச்சு புகையாகப் போய்க்கொண்டிருந்தது.

அவளிடமிருந்து புகை வரவில்லை.

கதவு திறந்தது. பிரதீபன் சேர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். தோளில் கறுப்புப் பை. அதைத் தகரங்களின் மேல் வைத்தார்.

“பாரும், இவ்வளவு கஷ்டம் தேவையோ உமக்கு? ஒரு சொல்லிலை முடியிற விஷயம்.”

லைற் அணைந்தது. கரண்ட் போவது அங்கே புதினமில்லை. ஆனால் போகிறபோது குளிர் குறையவேணும். குளிர் கூடியது.

லக்சிகா கதவடிச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். இருட்டிலே சேரின் சப்பாத்து அவளைத் தாண்டிப் போகிறது கேட்டது. மூலைக்கு.

“ஆ, இங்கையோ நிக்கிறீர்? கையைத் தாரும்.”

டக்.

“என்ன இது... கை இவ்வளவு குளிருது?”

லக்சிகா தன் இரண்டு கையையும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“விடும். லக்சிகா, விடும். நோகுது.”

டக்.

“லக்சிகா!”

“சேர்,” அவள் கதவடியிலிருந்து சொன்னாள், “நான் இங்கை நிக்கிறன்.”

அதற்குப் பிறகு அந்த மனுசன் கத்திய கத்தலை நான் எழுத்திலே கொண்டுவர முயலவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். வெளிச்சம் திரும்பி வந்தது. மூலையில் ஆருமில்லை. பார்சல் மட்டும் கிடந்தது.

லக்சிகா அதைப் பார்த்தாள். கறுப்புப் பையைப் பார்த்தாள். பார்சலை எடுத்துப் பைக்குள் வைத்து, ஸிப்பை இழுத்து மூடி, முற்றத்தில் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு நின்றவரிடம் கொண்டுபோனாள்.

“சேர், பையை விட்டிட்டுப் போறீங்கள்.”

அவர் பறித்துத் தோளில் போட்டார். விரல்கள் நீலம் பாரித்துக் கிடந்தன. கேற்றடியில் கணபதி நிமிர்ந்து நின்று சலூட் அடித்தார். நண்டு வெளியிலே போனது.

மோட்டார் சைக்கிள் போவதைப் பெட்டையள் எல்லாரும் யன்னலில் நின்று பார்த்தார்கள். பின் சக்கரம் பாரத்தில் அமுங்கியிருந்தது. பின் சீற்றில், ஒருபக்கமாகக் காலைப் போட்டுக்கொண்டு, வெள்ளைத் தொப்பியோடு ஒருத்தி இருந்தாள். வெயிலிலே அவளுடைய ரப்பர் சப்பாத்திலிருந்து றோட்டு நெடுகத் தண்ணி சொட்டிக்கொண்டு போனது.

சந்தியிலே அவர் நிற்கவில்லை. பார்சலை வைக்கவேணுமென்று அவருக்கு ஆர் சொன்னது? வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார்.

அவர் பிறகு கொம்பனிப் பக்கம் வரவேயில்லை. வீட்டுக் குசினியிலே ஆரோ விடிய விடிய நண்டு உடைக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி, சாப்பாடு இறங்காமல், ஊரை விட்டே போனாராம். கொழும்பிலிருந்து ஒரு அம்மா மனேச்சராக வந்தா. லக்சிகாவைத் திரும்ப மேசைக்கு எடுத்தா. பஸ் அவளுடைய சந்தியில் கோர்ன் அடித்து நின்றது. தட்டிலே சுகந்தினியின் சப்பாத்து பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்து கிடந்தது.

இந்த மாரிக்குப் புதிதாக ஒரு பெட்டை வேலைக்கு வந்தாள், தாட்சாயினி என்று பெயர். சப்பாத்துத் தட்டின் ஓரத்தில் இரண்டு சோடி தனியாகக் கிடந்தன. ஒன்றில் காலை விட்டவள் உடனே இழுத்தாள். உள்ளே ஈரம்.

“அதை விடு பிள்ளை,” என்றாள் இராசமலர். “அது சுகந்தினியின்ரை.”

தாட்சாயினி மற்றச் சோடிக்குக் கை நீட்டினாள். இராசமலர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதுவும் வேண்டாம். அதுவும் ஈரந்தான். அது லக்சிகாவின்ரை.”

இன்றைக்குப் பாண் தின்னும்போது என்னுடைய கடைவாய்ப் பல் கழன்று விழுந்துவிட்டது, ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன்: மனேச்சர் பிரதீபன் சேர் அந்தக் கொம்பனியில் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை.