வெளிச்சத்தில் நின்ற சாட்சி

"ஐயோ...! சிரோ...!"

நிலவறையிலிருந்து கிளம்பிய விட்டோரியாவின் அலறல், நேபிள்ஸின் அந்தச் சந்து முழுக்கப் பரவியது.

1637. நட்டநடுப் பகல்!

ஓவியத்துக்காக ஏசுவின் சீடர் ராயப்பர் வேஷத்தில் உட்கார வந்த மீன்கூடைக்காரன் சிரோ... இருட்டு மூலையில் குப்புறக் கிடந்தான்.

முதுகில் ஒரு கத்தி!

பத்தாவது நிமிடம், இரண்டு காவலர்களோடு கேப்டன் அஸ்கானியோ வந்து சேர்ந்தார்.

"யாரும்மா நீ?"

"விட்டோரியா. ஓவியர். ஞாயித்துக்கிழமைக்குள்ள சர்ச்சுக்குப் படம் குடுக்கணும். ஜெயில்ல இருக்கற ராயப்பரை வானத்துலேர்ந்து சம்மனசு வந்து விடுவிக்கற காட்சி. எண்ணெய் எடுக்க மேல போனேன். திரும்பி வந்தா..."

"பொய்!"

கத்தியவன் லியோனெல்லோ. மதுக்கடைப் பாட்டுக்காரன். முதுகில் வாத்து இறகுச் சிறகுகளோடு சம்மனசு வேஷத்தில் இருந்தான்.

"அவ மேல போகவே இல்ல, கேப்டன்! நான் இந்த ஸ்டூல் மேல நின்னுட்டிருந்தேன். அதோ அந்த மூலைல, என் கண்ணு முன்னாடியே குத்தினா! இடது கையால!"

"விலங்கு மாட்டணும், கையை நீட்டும்மா" என்றார் கேப்டன்.

விட்டோரியா கையைப் பின்னால் இழுத்துக் கொண்டாள். இந்த ஊரில் கொலைக்கு ஒரே தண்டனை... தூக்கு!

"கேப்டன்... ஒரே நிமிஷம். அந்த ஸ்டூல் மேல ஏறி நில்லுங்க."

"ஏன்? எனக்கும் சிறகு கட்டப் போறியா?"

"உங்க எடைக்குச் சிறகு தாங்காது. சும்மா ஏறுங்க."

ஒரு காவலன் சிரிப்பை இருமலாக மாற்றினான்.

கேப்டன் ஏறினார். விட்டோரியா கதவைச் சாத்தினாள்.

கரி பூசிய சுவர்கள். உச்சியில் ஒரே ஒரு ஜன்னல். அதிலிருந்து சாய்வாக இறங்கிய வெயில், கேப்டனின் முகத்தில் பளீரென்று அறைந்தது.

மற்றதெல்லாம் மை இருட்டு!

"சிரோ கிடக்கற மூலைல நிக்கறேன், கேப்டன். எந்தக் கையைத் தூக்கியிருக்கேன்?"

"கையா? ஆளே தெரியலையேம்மா!"

"நாங்க வரையறதே இப்படித்தான். ஆளை வெளிச்சத்துல நிறுத்துவோம். சுத்தி இருட்டு. இருட்டுல நிக்கறவனுக்கு வெளிச்சத்துல உள்ளவன் தெரிவான். வெளிச்சத்துல நிக்கறவனுக்கு இருட்டுல ஒண்ணுமே தெரியாது! இவன் மட்டும் எப்படி இடது கையைப் பார்த்தான்...? ஸ்டூல் மேல நின்னதே பொய்!"

தடதடவென்று சத்தம்!

லியோனெல்லோ கதவைத் திறந்து படியில் பாய்ந்தான்.

குறுகலான படிக்கட்டு. இரண்டு சிறகும் இரண்டு பக்கச் சுவரிலும் சிக்கின. கோழியைப் பிடிப்பது போலப் பிடித்தார்கள் காவலர்கள்.

அவன் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலம் விழுந்து சிதறியது.

நீலம்!

ராயப்பரின் அங்கிக்காகச் சாமியார்கள் வாங்கித் தந்த, தங்கத்தை விட உசத்தியான நீலக்கல் பொடி!

"எடுக்கறதை சிரோ பார்த்துட்டான்... எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்னான்..." லியோனெல்லோ அழுதான்.

அவனை இழுத்துப் போனார்கள்.

விட்டோரியா கண்களைத் துடைத்துக் கொண்டாள். "நீங்க உள்ளதை உள்ளபடி சொன்னதால பொழைச்சேன், கேப்டன்!"

"உள்ளதைத்தாம்மா சொன்னேன்." காலால் தரையைத் துழாவித் துழாவி இறங்கினார் கேப்டன். "ஆனா எனக்கு ரெண்டு கண்ணும் புகைஞ்சு அஞ்சு வருஷமாச்சு. கிட்ட வந்தா நிழலாடும், அவ்வளவுதான். நீ நடுத்தெருவுல, பட்டப்பகல்ல கையைத் தூக்கியிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது!"

விட்டோரியா அதிர்ந்தாள். "அ... அப்புறம் எப்படி இந்த வேலை பார்க்கறீங்க?"

கேப்டன் மீசையை முறுக்கினார்.

"திருடனுங்க என்னைப் பார்த்தா போதாதாம்மா...? நான் வேற அவனுங்களைப் பார்க்கணுமாக்கும்!"